எழுத்து எத்தனை?

தமிழாசிரியருக்கு மென்பொருள் நிறுவனத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். நம்மை நேர்கண்டவர்களும் முதலில் அதையேதான் வினவினார்கள்.

சுயநிதிப் பிரிவில் 15 ஆண்டுகள் பணியாற்றியும் நம் ஊதியம் பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்தை எட்டவில்லை. மூத்த மகள் கணிப்பொறி அறிவியல் பயில்பவள். இரவுகளில் அவளிடம் அமர்ந்து பைத்தான் நிரல்மொழியைக் கற்றோம். (பெற்ற மகளுக்கு மாணவராவதில் உள்ள அச்சம் தனிக் கட்டுரைக்குரியது.) தமிழ்ச் சொற்பிழை திருத்தி உருவாக்க மென்பொருளாளர் தேவை என்னும் அறிவிப்பை 2019ஆம் ஆண்டு கண்டு விண்ணப்பித்தோம், அழைப்பும் வந்தது.

இரவு இரயிலேறிச் சென்னை சென்றோம். காலை 10 மணிக்கு வரச் சொன்னவர்கள் உள்ளே அழைத்தபோது பிற்பகல் 3 மணி. எதிரே இருந்த இருவரும் நம் மாணவர் வயதினர். ஒரு சொல்லைத் தலைகீழாக்கும் நிரலை வெண்பலகையில் எழுதச் சொன்னார்கள். எந்த மொழிச் சொல் என்று கேட்டோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "எந்த மொழியா இருந்தா என்ன சார், ஒரே வரிதானே?" என்றார் இளையவர்.

ஆங்கிலத்திற்கு ஒரு வரி போதும், தமிழுக்குப் போதாது. 'தமிழ்' என்னும் சொல்லில் நமக்கு எழுத்து மூன்று. ஒருங்குறியிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டுகள். அந்த ஒற்றை வரி ஐந்தையும் பின்னிருந்து அடுக்கும். முதலில் பற்றுக்கோடின்றி ஒரு புள்ளி நிற்கும்; மகரத்திற்குரிய இகரக் குறி ழகரத்தோடு ஒட்டி 'ழி' என்றாகும்; அடுத்து 'மத'. 'ழ்மித' என்று வரவேண்டியது இவ்வாறு உருக்குலைந்து போகும். ஆகவே குறிகளை அவற்றிற்குரிய எழுத்தோடு முதலில் சேர்த்து, அதன்பின் திருப்பும் நிரலைப் பதினொரு வரிகளில் எழுதினோம்.

முடிக்கும் முன்பே, "ரொம்ப நீளம் சார்" என்றனர். காரணம் கூறத் தொடங்கினோம். "அதெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கும்" என்று அடுத்த வினாவிற்குச் சென்றுவிட்டனர். பிழைதிருத்தி செய்ய ஆள் தேடும் அறையில் இதைக் கேட்டோம் என்பதுதான் இன்றும் ஆறாத வருத்தம். பட்டியலை வரிசைப்படுத்தும் முறைகளுள் எது விரைவானது, ஏன் என்று பிறகு கேட்டபோது நாம் திணறியது உண்மை. அதற்காக விலக்கியிருந்தால் குறைகூற ஒன்றுமில்லை.

இறுதியாக, முன்னனுபவம் என்ன என்றார்கள். கல்லூரிப் பணியைச் சொன்னோம். அது கணக்கில் வராது என்றார் மூத்தவர்.

"எப்படி வாப்பா இருந்தது?" என்று வாசலிலேயே கேட்டாள் மகள். பலகையில் எழுதியதை ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். அவள் அதை மடிக்கணினியில் இட்டு இயக்கினாள். 'ழ்மித' என்று பிழையின்றி வந்தது. 'கொக்கு' என்று போட்டுப் பார்க்கச் சொன்னோம். 'குக்கொ' என்று அதுவும் சரியாகவே வந்தது.

நிறுவனத்திடமிருந்து இன்றுவரை மறுமொழி இல்லை.