திரும்பி வந்த கிளாஸ்கள்

போன வருடம் ரொறன்ரோவுக்குப் போயிருந்தபோது சித்தப்பா என்னை ஒரு ஸ்ரேக் ஹவுஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் இருபத்தாறு வருடம் வேலை செய்ததும் இப்படியான ஒரு இடத்தில்தான். ஆனால் இது அந்த இடம் இல்லை.

“வேலை செய்த இடத்தில போய் இருந்து சாப்பிட ஏலாது பிள்ளை. கை தானா மற்றாக்களின்ர கோப்பையைத் தூக்கும்” என்றார்.

83 கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்குப் போன எங்கட ஆக்களில் கனபேருக்கு முதல் வேலை கிடைத்தது றெஸ்ரோரன்ற் குசினிகளில்தான். சித்தப்பா போனது 89இல். முதல் நாலு வருடம் கோப்பை கழுவினார். பிறகு மரக்கறி வெட்டினார். பிறகுதான் கிறிலுக்கு விட்டார்கள். விரலால் அமத்திப் பார்த்தே இறைச்சி எந்தப் பதத்தில் வெந்திருக்கிறது என்று சொல்லுவார். இத்தனைக்கும் அவர் சைவக்காரர். மீன், கோழி தின்னுவார், மாட்டிறைச்சி ஒரு துண்டும் வாயில் வைத்ததில்லை. அன்றைக்கும் தனக்கு சமன் மீன்தான் சொன்னார். நான் மாட்டிறைச்சி தின்னுவேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. இதை வாசிக்கிற ஆரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

கிளாசிக் ஸ்ரேக் ஹவுஸ் என்றால் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே கோலம்தான் என்று சித்தப்பா சொன்னார். கறுத்த மரச்சுவர், தோல் கதிரை, வெள்ளை மேசை விரிப்பு. தொடக்கத்துக்கு இறால் கொக்ரெயில், பக்கத்துக்கு சுட்ட உருளைக்கிழங்கும் கிறீம் போட்ட கீரையும். அதோடு தோல் மட்டை போட்ட வைன் லிஸ்ற் ஒன்று, கோயில் கணக்குக் கொப்பி மாதிரி மொத்தமாக.

அந்தக் கொப்பியை வெயிற்றர் என் கையில் தந்தபோது நான் அதைத் திறக்காமல் சித்தப்பாவிடம் தள்ளினேன். அவர் திருப்பித் தள்ளினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேணும். என்ர அப்பா குடிச்சவர். சித்தப்பா மாதம் மாதம் அனுப்பின காசில் பாதி எங்கட ஃபீஸுக்குப் போனது. மற்றப் பாதி சாராயத்துக்குப் போனது. அப்பா செத்து ஒன்பது வருடம். எனக்கு இன்றைக்கும் ஆராவது போத்தல் மூடியைத் திருகினால் வயிறு இறுகும். சித்தப்பாவும் ஒரு துளி தொடுறதில்லை. ஆக, அன்றைக்கு அந்த மேசையில் வைன் லிஸ்றைத் தீர்ப்புச் சொல்ல இருந்தது குடிக்காத ரெண்டு பேர்.

“குடிக்காட்டில் என்ன? வாசிக்கலாம்தானே” என்றார். “ஒரு கடை உன்னை மதிக்குதோ, ஏமாத்துதோ எண்டு இந்தக் கொப்பி சொல்லும்.”

அவர் சொல்லித்தந்ததை எனக்கு விளங்கின மாதிரி எழுதுறன்.

முதலில் பெயருக்குப் பக்கத்தில் வருடம் போட்டிருக்கோ என்று பார்க்க வேணும். அது திராட்சை பறித்த வருடம். மழை கூடின வருடமும் வெயில் கூடின வருடமும் ஒரே வைனைத் தராது. எங்கட மாம்பழம் மாதிரித்தான். வருடம் போடாத லிஸ்ற் என்றால், என்ன வந்தாலும் நீ குடிக்க வேணும் என்று அர்த்தம். (சில ஷம்பெயின்களுக்கு வருடம் இருக்காது. பல வருட வைனைக் கலந்து செய்வார்கள், அது வேறு கதை.) இந்தக் கடை வருடம் போட்டிருந்தது.

ரெண்டாவது விலை. ஒன்ராறியோவில் வைன் அநேகமாக எல்சிபிஓ என்ற அரச நிறுவனத்துக்குள்ளால்தான் வரும். 1927இல் தொடங்கினது. அதனால் அதே போத்தல் கடையில் என்ன விலை என்று ஃபோனில் பார்க்கலாம். பார்த்தேன். கடையில் 20 டொலர் போத்தல் இங்கே 72. கடையில் 150 போனது இங்கே 300. “கண்டியோ? காசு குறைஞ்சவனுக்கு மூண்டரை மடங்கு, காசுக்காரனுக்கு ரெண்டு மடங்கு” என்றார். கிளாஸ் கணக்கு அதைவிட மோசம். ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர், அதில் அஞ்சு கிளாஸ் வரும். அந்த 72 டொலர் வைன் ஒரு கிளாஸ் 18 டொலர். அஞ்சால் பெருக்கிப் பாருங்கோ.

மூன்றாவது, லிஸ்றில் ஆருக்கு இடம் இருக்கு என்பது. நாலு பக்கம் முழுக்க கலிபோர்னியா நாப்பா பள்ளத்தாக்கின் கபர்னே சோவினியோன். அதற்கு ஒரு காரணம் இருக்கு. கபர்னேயில் ரனின் கூட. சாயம் கூடின பிளேன் ரீ குடித்தால் நாக்கில் ஒரு துவர்ப்பு நிற்குமே, அதுதான் ரனின். தேத்தண்ணிக்குப் பால் விட்டவுடன் அந்தத் துவர்ப்பு அடங்கும், ஏனென்றால் ரனின் போய்ப் பாலின் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். கொழுப்போடு இருக்கிற இறைச்சியும் வைனுக்கு அந்த வேலையைத்தான் செய்யும். நாப்பாவுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்றால், 1976 மே மாதம் பரிஸில் பெயரை மறைத்து ஒரு ருசிப் போட்டி வைத்தார்கள். நடுவர்கள் பிரெஞ்சுக்காரர். சிவப்பில் முதலாவதாக வந்தது போர்டோ இல்லை, நாப்பாவின் ஸ்ராக்ஸ் லீப் 1973. அதற்குப் பிறகு ஆர் நாப்பாவைக் குறைச்சுக் கதைப்பார்கள்?

“அது சரி. ஆனால் நாலு பக்கமும் ஒண்டையே போட்டால் அது லிஸ்ற் இல்லை, விளம்பரம்” என்றார் சித்தப்பா. ஆர்ஜென்ரீனாவின் மால்பெக் இருக்கோ? ஸ்பெயினின் றியோகா இருக்கோ? இறாலும் மீனும் சாப்பிடுறவருக்கு நல்ல வெள்ளை இருக்கோ? ரொறன்ரோவில் இருந்துகொண்டு பக்கத்தில் இருக்கிற நயாகராவை எத்தனை வரியில் எழுதியிருக்கு? இந்தக் கடையில் நயாகராவுக்கு ரெண்டே வரி. அதில் ஒன்று கபர்னே ஃபிரான்.

“பெரிய பெரிய லிஸ்ற் எல்லாம் இருக்காமே” என்று கேட்டேன். ஃபுளோரிடாவின் ராம்பாவில் பேர்ன்ஸ் என்று ஒரு ஸ்ரேக் ஹவுஸ், 1956 முதல் இருக்கு, அஞ்சு லட்சத்துக்கும் மேலே போத்தல் வைத்திருக்கிறார்கள் என்று வாசித்திருந்தேன். சித்தப்பா கையை விரித்தார். “எத்தினை இருக்கு எண்டது பெரிசில்லை. எங்க வச்சிருக்கினம்? நிலத்துக்குக் கீழ குளிருக்க வச்சால் சரி. இஞ்ச பார்.” குசினிக் கதவுக்குப் பக்கத்தில், சூடு அடிக்கிற சுவரில், போத்தல்களை அழகுக்கு அடுக்கியிருந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று பாகையில் இருக்க வேண்டிய சாமான்.

கடைசியாகச் சொன்னதுதான் எந்தப் புத்தகத்திலும் இராது.

“நான் நாலு வருசம் கிளாஸ் கழுவினன். எந்த வைன் நல்லது எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் எது மிச்சம் வரும் எண்டு தெரியும். எங்கட மனேச்சர் ஒரு விலை கூடின போத்தலை எல்லாற்ற தலையிலயும் கட்டுவார். ஒவ்வொரு நாளும் அது அரைக் கிளாஸ், முக்கால் கிளாஸா உள்ள வரும். லிஸ்றின்ர அடியில கிடந்த ஒரு மலிஞ்ச சாமான், அந்தக் கிளாஸ் மட்டும் காய்ஞ்சு வரும். ஒரு வருசமும் ஆரும் எங்களிட்டக் கேக்கேல்லை.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மேசை விரிப்பைத் தடவிக்கொண்டு சொன்னார்: “ஒரு இரவு ஊத்திக் கொட்டினதைக் கணக்குப் பாத்தன். என்ர ரெண்டு நாள் சம்பளம். நான் இஞ்ச சிங்கில ஊத்தினன். அண்ணர் அங்க தொண்டைக்குள்ள ஊத்தினார். காசு அனுப்பாமல் விட்டிருக்க வேணுமோ எண்டு இண்டைக்கும் யோசிக்கிறனான்.”

நான் இந்தக் கேள்விக்கு ஒன்பது வருடமாகப் பதில் வைத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. “நீங்கள் அனுப்பாட்டிலும் அவர் குடிச்சிருப்பார் சித்தப்பா. நாங்கள் படிச்சிருக்க மாட்டம்.”

அவர் தலையாட்டினார். நம்பினாரோ தெரியாது.

பிறகு நான் அந்த நயாகரா கபர்னே ஃபிரானில் ஒரு கிளாஸ் சொன்னேன். போத்தல் எப்போது திறந்தது என்று கேட்கச் சொல்லி சித்தப்பாதான் சொன்னார், ரெண்டு மூன்று நாள் திறந்து கிடந்தால் வைன் செத்துவிடுமாம். வெயிற்றர் புதுப் போத்தல் கொண்டுவந்து திறந்தார். ருசி பார்க்க ஒரு துளியை, ஓம், சித்தப்பாவின் பக்கம்தான் ஊத்தப் போனார். சித்தப்பா விரலால் என்னைக் காட்டினார்.

மணந்து பார்க்கப் பயமாக இருந்தது. அப்பாவின் சேட் மணம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஏதோ பழமும், வெட்டின கறிமிளகாயும் மாதிரி ஒரு மணம். வாயில் துவர்த்தது. ஒரு துண்டு இறைச்சி தின்றுவிட்டுத் திரும்பக் குடித்தேன், துவர்ப்பு அடங்கியிருந்தது. பிளேன் ரீயும் பாலும். அவ்வளவுதான் விசயம், மந்திரம் ஒன்றும் இல்லை.

அரைக் கிளாஸுக்கு மேல் எனக்குப் போகவில்லை. வைன் பிழை இல்லை. எனக்கு அவ்வளவுதான் வேணும் என்றிருந்தது. அவ்வளவோடு நிப்பாட்டலாம் என்பதை எங்கட வீட்டில் ஆரும் எனக்குக் காட்டித்தந்ததில்லை.

தீர்ப்பு? வருடம் போட்டதுக்கும், கேட்டவுடன் புதுப் போத்தல் திறந்ததுக்கும் நல்ல புள்ளி. விலைக்கும் அந்தச் சூட்டுச் சுவருக்கும் வெட்டு. நான் பத்துக்கு ஆறு என்றேன். சித்தப்பா அஞ்சு என்றார். ஏன் என்று கேட்டேன்.

“அம்பது பக்கம் எழுதியிருக்கினம். குடிக்காதவனுக்கு ஒரு வரி இல்லை. எனக்குச் சோடாவும் தேசிக்காய்த் துண்டும்.”

பில் வந்தபோது பார்த்தால் அந்தச் சோடா 6 டொலர். நாலு என்று குறைத்தார்.

மேசையைத் துடைக்க வந்த பெடியன் பஞ்சாபி. அவன் வர முதலே சித்தப்பா கோப்பைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, கரண்டிகளை மேலே வைத்திருந்தார். என் கிளாஸை மட்டும் தொடவில்லை. அரைவாசி வைனோடு அது உள்ளே போனது.