நான் எழுதாத கதை

வெகுகாலம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அங்கே கறுப்பினத் தாய்மார்களில் ஒரு கூட்டம் இருந்ததய்யா! வேலைக்கே போகிறதில்லை. பிள்ளைகளைக் காட்டியே சர்க்கார் பணத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்."

கதைக்காரனுக்கு இது போதாதா? அன்றிரவே ஒருத்தியைப் படைத்துவிட்டேன். சோம்பல் சிரிப்பு, இடுப்பில் ஒரு பிள்ளை, காலைச் சுற்றி மூன்று. நாலு பக்கம் ஓடிற்று. ஐந்தாம் பக்கத்தில், காலையில் எழுந்து அவள் என்ன செய்வாள் என்று எழுத வேண்டியிருந்தது. பேனா நின்றுவிட்டது. புத்தகங்களைத் தேடினேன்.

முதலில் கிடைத்தவள் அலபாமா மாகாணத்தில் செல்மா ஊர்க்காரி. கணவனை இழந்தவள், நான்கு குழந்தைகள். சமைப்பதும் பரிமாறுவதும் அவள் வேலை. விடியற்காலை மூன்றரை மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடியும். கூலி, வாரத்துக்கு 16 முதல் 20 டாலர் வரை. என் கதாநாயகியோ இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்!

1966-ல் அவளுடைய உதவிப் பணம் நின்றது. வார இறுதியில் ஓர் ஆண் வந்து போனான் என்பது குற்றம். அவன் அந்தக் குழந்தைகளுக்குத் தகப்பனல்ல. அவர்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவனுமல்ல. ஆனாலும் மாகாண விதி அவனை 'மாற்றுத் தகப்பன்' ஆக்கிவிட்டது. அவள் வழக்காடினாள், 1968-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தாள். அந்நாளில் பல ஊர்களில் அதிகாரிகள் நள்ளிரவில் கதவைத் தட்டி, வீட்டில் ஆண் இருக்கிறானா என்று சோதனை போட்டதுண்டு.

வருஷக்கணக்காக உதவி வாங்கியவர்கள் இல்லையா? இருந்தார்கள். ஏன் என்றுதான் நான் கேட்கவில்லை. முதியோர் பென்ஷனையும் வேலையில்லாக் காலத்து உதவியையும் வகுத்த 1935-ம் வருஷத்துச் சட்டம், வயல் வேலைக்காரர்களையும் வீட்டு வேலைக்காரர்களையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. தெற்கே கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்த வேலைகளோ பெரும்பாலும் அந்த இரண்டும்தான். மிஞ்சியது குழந்தைகளின் பேரில் வரும் சொற்ப உதவி. அதிலும், சம்பாதித்தால் அநேகமாகச் சம்பாதித்த அளவுக்கு வெட்டு விழும். 1967-ல் வந்த திருத்தம்தான் அதைச் சற்றுத் தளர்த்தியது. ஒரு படி ஏறினால் ஏணியே ஒரு படி இறங்கிவிடுமானால் ஏறுகிறவள் என்ன செய்வாள்?

ஜானி டில்மன் என்ற அம்மையார் பருத்திக் காட்டில் உழைத்து வளர்ந்தவர். பிறகு சலவை நிலையத்தில் சட்டை தேய்த்தவர். ஆறு பிள்ளைகள். உடம்பு விழுந்த பிறகே உதவி கேட்டார். 1963-ல் லாஸ் ஏஞ்சலஸில் தம்மைப் போன்ற தாய்மார்களைத் திரட்டினார். 1972-ல் எழுதிய கட்டுரையில், அந்த உதவியை அடக்கியாளும் புருஷனுக்கு ஒப்பிட்டார். அதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை.

1976 தேர்தலில் ரீகன், சர்க்காரை ஏமாற்றிய ஒருத்தியின் கதையை மேடைதோறும் சொன்னார். அப்படி ஒருத்தி இருந்தது வாஸ்தவம். ஆனால் லட்சோபலட்சம் தாய்மார்களுக்கு அவள் முகத்தையே மாட்டிவிட்டார்கள். 1996-ல் சட்டம் மாறிற்று; மத்திய சர்க்கார் பணத்துக்கு ஆயுளில் ஐந்து வருஷம் என்று கெடு வைத்தார்கள். அந்தக் காரியத்தைத்தான் நானும் நாலு பக்கத்தில் செய்திருந்தேன்.

நண்பர் மறுபடி வந்தார். "கதை என்னவாயிற்று?" என்றார்.

"கதாநாயகி மூன்றரை மணிக்கே வேலைக்குப் போய்விட்டாள்" என்றேன்.