207ஆம் எண் நோயாளி

புள்ளியியல் முதுகலை படிக்கும்போதுதான் அவரைச் சந்தித்தேன். பெயர் தெரியாது, எண் 207. புரோகபைடு என்ற வலிப்பு மருந்தைச் சோதித்த ஆய்வில் இருந்த 59 பேரில் ஒருவர். 1990இல் தாலும் வெயிலும் எழுதிய கட்டுரை வழியாகப் பாடப்புத்தகங்களுக்குள் வந்துவிட்டவர்.

சிகிச்சைக்கு முந்தைய எட்டு வாரங்களில் அவருக்கு 151 வலிப்புகள். மருந்து எடுத்த அடுத்த எட்டு வாரங்களில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணியபோது 102, 65, 72, 63. மொத்தம் 302. சரியாக இரண்டு மடங்கு.

எல்லோரையும் வைத்துக் கணக்குப் போட்டால் மருந்தின் பலன் மங்கலாகத்தான் தெரிகிறது. இவர் ஒருவரை நீக்கினால் அது தலைகாட்டுகிறது. ஒவ்வொருவராக நீக்கி, விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதுதான் முறை. குக் 1977இல் சொன்ன தூரத்துக்கும் அடிப்படை இதே யோசனைதான். ஆனால் ஒரே ஆளின் எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. அதனால் ஓர் எண்ணை நீக்கினால் போதாது, ஆளையே நீக்கிப் பார்க்க வேண்டும்.

"207ஐத் தூக்கிட்டேன் சார், இப்ப மாடல் அழகா வருது" என்றேன்.

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "எண்ணினதுல தப்பு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்குப்பா தூக்கினே? இருக்கறதுலயே அதிகமா அவஸ்தைப்பட்டவர் அவர்தானே?"

இப்படிப்பட்டவர்களைச் 'செல்வாக்குள்ளவர்கள்' என்கிறது எங்கள் துறை. வாரத்துக்குச் சராசரியாக 38 வலிப்பு வந்தவருக்கு அப்படியொரு பெயர்!

அன்றிலிருந்து நான் இரண்டு விடைகளையும் எழுதுகிறேன். அவரோடு ஒன்று, அவரில்லாமல் ஒன்று.