ஞாயிற்றொளிச் சத்து

உலகிற்கு ஒளி தரும் ஞாயிறு நம் உடம்பிற்கு வேண்டும் சத்தொன்றையும் ஆக்கித் தருகின்றது. வெயில் தோலின்மேற் படுங்கால் ஆங்குள்ள கொழுப்புப் பொருளொன்று மாறி, பின்னர்க் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பக்குவமடைந்து, எலும்பை உறுதிப்படுத்தும் சத்தாகின்றது. 1922ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மக்காலம் என்பார் இதற்கு ‘வைட்டமின் டி’ எனப் பெயரிட்டனர். அதற்கு மூன்றாண்டு முன்னரே பெர்லின் மருத்துவர் ஹுல்ட்சின்ஸ்கி, எலும்பு வளைந்த குழந்தைகளைப் புறவூதா விளக்கொளியிற் கிடத்தி அந்நோயைத் தீர்த்துக் காட்டினர். எலும்பைப் பற்றிய இவ்வுண்மை ஐயத்திற்கு இடனற்றது.

ஆயின், இக்காலத்தில் இச்சத்தின் புகழ் எலும்போடு நிற்கவில்லை. இருதய நோயையும் நீரிழிவையும் இது தடுக்கும் என்னும் பேச்சு எங்கும் பரவியுள்ளது. அப்பேச்சுக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. அமெரிக்க நாட்டு ஃபிரேமிங்காம் ஊர் ஆராய்ச்சியைச் சார்ந்த 1,739 பேரைப் பற்றி 2008இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. இரத்தத்தில் இச்சத்து மிகக் குறைந்திருந்தோர்க்கு இருதய நோய் வரும் இடர் ஏனையோரினும் ஒன்றரை மடங்குக்கு மேலாக இருந்தது. நீரிழிவோடும் இத்தகைய தொடர்பை வேறு ஆராய்ச்சியாளர் கண்டனர்.

எம் சிற்றன்னையார் நெடுநாளாக நீரிழிவு உடையவர். சென்ற விடுமுறையில் இரத்தப் பரிசோதனைச் சீட்டை எம்மிடம் நீட்டி, “தம்பி, சர்க்கரைக்கு இந்தச் சத்துக் குறைவுதான் காரணம் என்கிறார்களே, இந்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என வினவினர். தமிழ் பயிலும் எமக்கு மருத்துவம் தெரியாது. “டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள், சித்தி” என்று மட்டுமே கூற இயன்றது. எனினும் அவ்வினா எம்மை விட்டகலவில்லை. கல்லூரிக்குத் திரும்பியபின் தேடிக் கற்றவற்றையே ஈண்டு உரைக்கின்றோம்.

மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஆல்’ என்பதும் உருபு, ‘ஓடு’ என்பதும் உருபு. முன்னது கருவியையும் கருத்தாவையும் உணர்த்தும், பின்னது உடனிகழ்ச்சியை உணர்த்தும். சத்துக் குறைவோடு நோய் வந்தது என்பது தெளிவு. சத்துக் குறைவால் வந்ததோ என்பதே வினா. நலமுடையோர் வெளியே உலாவி வெயிலைப் பெறுவர். நோயால் வீட்டினுள் அடைந்து கிடப்போர் பெறார். உடல் பருத்தோர் இரத்தத்திலும் இச்சத்துக் குறைந்தே காணப்படும். அவர்க்கே இருதய நோயும் நீரிழிவும் மிகுதி. ஆதலின் அக்குறைவு நோயின் காரணமாகாமல் நலிவின் அடையாளமாகவும் இருத்தல் கூடும்.

இதனைத் தெளியும் வழியொன்றுண்டு. சீட்டுப் போட்டாற்போல மக்களை இரு கூறாக்கி, ஒரு கூறார்க்குச் சத்து மாத்திரையும், மற்றையோர்க்கு அதனையொத்த வெறும் மாத்திரையும், எவர்க்கு எது என அறியாவகை கொடுத்துப் பார்த்தலே அது. அமெரிக்காவில் 25,871 பேரிடை இவ்வாறு செய்தனர். சத்து மாத்திரையின் அளவு நாளொன்றுக்கு 2,000 அலகு. ஐந்தாண்டு கழிந்தும் மாரடைப்பும் பக்கவாதமும் இரு கூறார்க்கும் ஏறத்தாழ ஒத்தே வந்தன என 2018இல் அறிவித்தனர். நீரிழிவின் வாயிலில் நின்ற 2,423 பேரிடை 4,000 அலகு கொண்டு செய்த சோதனையின் முடிவு 2019இல் வெளிவந்தது. சத்து உண்ட 1,211 பேரில் 293 பேர்க்கும், வெறும் மாத்திரை உண்ட 1,212 பேரில் 323 பேர்க்கும் நீரிழிவு வந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. இத்தகைய சோதனைகள் மூன்றை ஒருங்கு நோக்கிய 2023ஆம் ஆண்டு ஆய்வு, வாயிலில் நிற்போர்க்குச் சிறிது பயனுண்டு என்றது. அதுவும் வருமுன் காத்தலேயன்றி, வந்த நோயைத் தீர்த்தலன்று.

இவற்றைச் சிற்றன்னையார்க்கு எடுத்துரைத்தோம். அவரும் மருத்துவரைக் கண்டு, அவர் சொற்படி எலும்பின் பொருட்டு அச்சத்தையும், நீரிழிவின் பொருட்டுப் பழைய மருந்தையும் உண்டு வருகின்றார்.

அன்பர்களே, ஒன்றோடு வருதல் வேறு. ஒன்றால் வருதல் வேறு. இவ்விரண்டையும் பகுத்தறிதல் மாணாக்கராகிய நம் கடன். கற்றவர் என நம்பி இல்லத்தார் நம்மை வினவுங்கால், நாம் அவர்க்குச் செய்யத்தக்க உதவியும் அதுவேயாம்.