ஆலைக்குள் ஒரு விதி, சாலையில் ஒரு விதியா?

ஓசூரைச் சுற்றி வாழும் நமக்கு இருசக்கர வாகனம் புதியதன்று. 1980ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க டி.வி.எஸ். 50 மொபெட் இவ்வூர் ஆலையிலிருந்துதான் புறப்பட்டது. 1984இல் ஜப்பானிய சுசுகி நிறுவனத்தின் கூட்டுறவோடு மோட்டார் சைக்கிள்களும் இங்கே உருவாகத் தொடங்கின. அண்மை ஆண்டுகளில் ஓசூரிலும் போச்சம்பள்ளிப் பகுதியிலும் மின்சார ஸ்கூட்டர்களுக்கான ஆலைகள் எழுந்தன. நாட்டின் பல மூலைகளில் ஓடும் வண்டிகள் நம் பிள்ளைகளின் கைபட்டுச் செல்கின்றன என்பது பெருமைக்குரியதே. ஆயினும், வண்டியைச் செய்யத் தெரிந்த இவ்வூர் அதை முறையாக ஓட்டவும் தெரிந்த ஊராக விளங்குகிறதா என்று கேட்காமல் இருக்க நம்மால் இயலவில்லை.

ஆலைக்குள் நுழையும் இளைஞனைப் பாருங்கள். முதல் நாளே அவனுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடக்கிறது. இரும்புமுனை வைத்த காலணி, கண்ணாடி, கையுறை யாவும் தரப்படுகின்றன. கற்றுக்கொடுப்பவர் அருகில் நில்லாமல் லேத் இயந்திரத்தை அவன் தொட இயலாது. இவ்விதிகளை அவன் முணுமுணுப்பின்றி ஏற்கிறான். ஷிப்ட் முடிந்து வாயிலைக் கடந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. தலைக்கவசம் முழங்கையில் தொங்குகிறது. அல்லது பெட்ரோல் டாங்கின்மேல் அமர்ந்து பயணம் செய்கிறது. லேத் இயந்திரமாவது ஓரிடத்தில் நிலையாக நிற்பது. மோட்டார் சைக்கிளோ கண்டெய்னர் லாரிகளின் நடுவே விரைந்து ஓடுவது. இரண்டில் எதற்கு மிகுந்த பயிற்சி வேண்டும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 100க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அவர்களிலும் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் விளக்கேற்றிக் காத்திருந்த ஒரு வீடு உண்டு.

சூளகிரிப் பக்கத்திலிருந்து ஓசூர் ஆலையொன்றுக்கு வேலைக்குச் செல்லும் உறவுக்காரப் பிள்ளை ஒருவன், சில மாதச் சம்பளம் சேர்ந்ததும் நம்மைத் தேடி வந்தான். கையில் நான்கைந்து வண்டிகளின் விளம்பரத் தாள்கள். "மாமா, இதிலே எதை வாங்கலாம்?" என்றான். உடன் வந்த அவன் தாய் வண்டிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பணத்தைப் பற்றிக் கவலை இல்லை அண்ணா. இரவு ஷிப்ட் முடிந்து இவன் வீடு சேரும்வரை எனக்குத் தூக்கம் வராதே, அதற்கு என்ன செய்வது?" என்றார். அவ்விருவருக்கும் நாம் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலாவது, வண்டியின் விலையைக் கணக்கிடும் அன்றே தலைக்கவசம், கையுறை, காலணி ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கையிருப்பு முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, சாலையோரத்தில் கிடைக்கும் மலிவான தொப்பி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக் கொள்வது சிக்கனம் ஆகாது.

இரண்டாவது, புதிதாகக் கற்பவனுக்கு 100 அல்லது 125 சி.சி. வண்டியே போதுமானது. இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் நன்கு பதிய வேண்டும். வண்டி சாய்ந்தால் தானே தாங்கி நிமிர்த்தும் அளவில் அதன் எடை இருக்க வேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. பழைய வண்டியை வாங்குவோர் இதையும், டயரின் தேய்மானத்தையும், பிரேக்கின் நிலையையும், பதிவுச் சான்றையும், காப்பீட்டையும் பார்த்து வாங்குதல் நலம்.

மூன்றாவது தலைக்கவசம். இதன் வரலாற்றில் துயரமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது, சைக்கிளில் வந்த சிறுவர் இருவர்மேல் மோதாதிருக்க வண்டியைத் திருப்பி வீழ்ந்தார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அம்மரணத்தை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் தலைக்கவசத்தின் இன்றியமையாமையை எழுதி வெளியிட்டார். பிரிட்டிஷ் இராணுவத்தில் அது கட்டாயமாக்கப்பட்டது. பிற்காலத்தில் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், தலைக்கவசம் மரண ஆபத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயத்தை 69 பங்கும் குறைக்கிறது என்று கண்டனர்.

ஐ.எஸ். 4151 என்னும் எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ள கவசத்தையே வாங்குக. உள்ளே தெர்மோகோல் போன்ற ஓர் அடுக்கு உண்டு. மோதலின் வேகத்தைத் தான் நசுங்கி ஏற்றுக்கொள்வது அதுவே. ஆகவே, ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், வெளியே கீறல் இல்லாவிடினும் மீண்டும் பயன்படாது. அணிந்து தலையை அசைத்தால் கவசமும் தலையோடு அசைய வேண்டும். தனியே ஆடக் கூடாது. தாடைப்பட்டையை மாட்டாத கவசம், விபத்தில் தலைக்கு முன்பே தனியே பறந்துவிடும். விழும்போது முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கை ஆகையால் கையுறையும் வேண்டும். ஆலையில் தந்த காலணியையே சாலையிலும் அணியலாம், செருப்பு வேண்டாம்.

நான்காவது பயிற்சி. பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல இயலும். அந்த 30 நாளைச் சட்டம் வீணே வைக்கவில்லை. ஞாயிறு மாலைகளில் வெற்றிடமான மைதானம் ஒன்றில் பிரேக் பிடிக்கப் பழகுங்கள். நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்கில்தான் உள்ளது. அதைக் கண்டு அஞ்சிப் பின்பிரேக்கை மட்டும் மிதிப்போர் பலர். இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கைப் படிப்படியாக அழுத்த வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போது திடீரெனப் பிடிக்கலாகாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன், ஆபத்தைக் கண்டு கை அசைக்கும் ஒரே நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறான். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

நம் சாலையின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர். ஆகவே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி நோக்கிச் செல்பவன் இறங்கிக்கொண்டே செல்கிறான். இறக்கத்தில் கிளட்சைப் பிடித்தபடி வண்டியை உருளவிடுவது ஆபத்து. கியரிலேயே வைத்தால் என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். லாரியின் பக்கக் கண்ணாடியில் அதன் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். இடப்புறம் திரும்பும் லாரிக்கும் சாலையோரத்திற்கும் இடையே ஒருபோதும் நுழைய வேண்டாம். முதல் மழைத்துளிகள் விழும்போது சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்கும். மார்கழிப் பனியில் எதிரே வருவது தெரியாது. பத்து நிமிடம் தாமதித்துப் புறப்படுவதால் வேலை போய்விடாது. அத்திப்பள்ளியைக் கடந்து கர்நாடகத்துள் செல்வோர்க்கும் இதே சட்டம்தான். தலைக்கவச விதி நாடு முழுமைக்கும் உரியது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். கியர் உள்ள வண்டிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கே 16 வயது போதும். இன்று கடைகளில் உள்ள பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் அவ்வளவைக் கடந்தவை. 2019இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிட்டாது. பின்னால் அமரும் தாய்மாரும் தலைக்கவசம் அணிவதோடு, சேலைத் தலைப்பைச் செருகிக் கொள்வதும், பின்சக்கரத்தை மறைக்கும் தடுப்பு வண்டியில் உள்ளதா எனப் பார்ப்பதும் அவசியம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் 2023 முதல் கட்டாயம். அப்போது வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடப்பதைக் கண்டால் வழக்குக்கு அஞ்சி விலகிச் செல்ல வேண்டாம். நற்செய்தியில் வரும் நல்ல சமாரியனின் பெயராலேயே, உதவுவோரைக் காக்கும் விதி 2019இல் நம் சட்டத்தில் இடம்பெற்றது. 108க்கு உடனே சொல்லுங்கள். அடிபட்டவரின் தலைக்கவசத்தை அவசரமாக இழுத்துக் கழற்ற வேண்டாம். கழுத்தெலும்பு முறிந்திருக்கக் கூடும்.

அப்பிள்ளை விளம்பரத் தாள்களை மடித்துக்கொண்டு, "அப்படியானால் வண்டி எப்போது வாங்குவது மாமா?" என்று கேட்டான். உரிமம், கவசம், பயிற்சி ஆகிய மூன்றும் வந்த பிறகு வாங்கலாம் என்றோம். அவன் முகம் சற்று வாடியது. தாயின் முகம் தெளிந்தது. இவ்விதியை ஒவ்வோர் இல்லமும் ஏற்கலாம். ஆலையில் மேலாளர் கேட்பதை வீட்டில் தந்தையோ தாயோ கேட்கட்டும். மூன்றும் உள்ளனவா என்று பார்த்த பின்பே சாவியைக் கையில் கொடுக்கட்டும்.