சோப்பு கறுக்கும் வரை

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சின்னச் சூளை இருக்கிறது. அகல் விளக்கு, கொலு பொம்மை, கொஞ்சம் ஃபியூஸ் கேரியர், அவ்வளவுதான் சரக்கு. செப்டம்பரில் இத்தாலியின் போலோன்யா நகரில் நடக்கும் செர்சாயே டைல்ஸ் கண்காட்சியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சேர்த்த பணத்தில் கிளம்பினேன். கண்காட்சி முடிந்த மறுநாள் மோதெனாவிலிருந்து சின்ன ரயிலைப் பிடித்து, இத்தாலியின் பீங்கான் ஊரான சாசுவோலோவில் இறங்கினேன்.

எங்கள் ஊரையே நூறு மடங்கு பெரிதாக்கி வைத்த மாதிரி இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் டைல்ஸ் ஆலைகள், லாரி லாரியாக மண். மண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஓரத்தில் சிந்திக் கிடந்ததைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தேன். நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்து வெள்ளை மண்ணைத் தேய்த்துப் பழகிய விரலுக்கு அது கொஞ்சம் முரடாகத்தான் பட்டது.

அங்கிருந்து பஸ்ஸில் பக்கத்து ஊரான ஃபியோரானோவைத் தாண்டும்போது ஒரு சத்தம் கேட்டது. காற்றையே நீளமாகக் கிழிப்பது போன்ற சத்தம். பஸ்ஸில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டைல்ஸ் ஆலைகளுக்கு நடுவில் ஃபெராரியின் சோதனை ஓட்டப் பாதை இருக்கிறது, 1972 முதல். அதற்கு அடுத்த ஊர்தான் மரநெல்லோ, ஃபெராரியின் ஊர். பீங்கான் சூளையும் உலகமே ஆசைப்படும் காரும் இப்படி அடுத்தடுத்த தெருவில் பிறக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

எனக்கு இந்தக் கார்கள் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் அப்பாவின் பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் செய்த கார்தான். ஆனால் எங்கள் தெருவுக்கு அது என்றைக்கும் 'ஃபியட்'. ஸ்டீயரிங் பக்கத்திலேயே கை கியர், 1089 சி.சி. எஞ்சின். அந்த எஞ்சினின் வம்சம் 1937இல் வந்த ஃபியட் 508 சி காரிலிருந்து தொடங்குகிறது. மோதெனாவில் என்ஸோ ஃபெராரியின் அப்பா நடத்திய இரும்புப் பட்டறை இப்போது எஞ்சின்களின் காட்சியகம். அதற்குள் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்ததற்குக் காரணம் இதுதான்: 1939இல் ஆல்ஃபா ரோமியோவை விட்டு விலகிய என்ஸோ, நான்கு வருஷம் தன் பெயரில் பந்தயக் கார் விடக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் இருந்தார். அதனால் தன் பெயர் போடாமலே 1940 மில்லே மிலியா பந்தயத்துக்கு 815 என்று இரண்டு கார்களைக் கட்டினார். அவற்றின் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்குத் தலையாக வைத்தது இரண்டு ஃபியட் 508 சி ஹெட்களை, ஒன்றின் பின்னால் ஒன்றாக. இரண்டு காரும் பந்தயத்தை முடிக்கவில்லை. இன்று மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, மோதெனாவுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சேகரிப்பில். அப்பாவின் ஃபியட்டும் ஃபெராரியும் தூரத்துச் சொந்தம்தான் என்று அன்றிரவே வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மறுநாள், புறநகரில் கதவு திறந்திருந்த ஒரு பட்டறை வாசலில் நின்றேன். உள்ளே ஒரு பெரியவர், நம் ஊர் பாஷையில் டிங்கர். 1960களின் அலுமினிய உடம்பு கொண்ட கார் ஒன்று, முன்பக்கம் தோலுரித்த மாதிரி நின்றது. அலுமினியத் தகடும் அடியிலிருக்கும் இரும்புக் குழாயும் தொட்டுக்கொண்டே இருந்தால் ஈரம் பட்டு, தொட்ட இடத்தில் அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்துவிடும். அந்த இடத்தை மட்டும் அவர் வெட்டி எடுத்திருந்தார். புதுத் தகட்டின் மேல் ஒரு சோப்புக் கட்டியைத் தேய்த்தார். அடியில் தீ காட்டினார். சோப்பு பழுப்பாகி, கறுத்தது. உடனே தீயை எடுத்துவிட்டார். தகடு இளகிவிட்டது என்பதற்கு அந்தக் கறுப்புதான் அடையாளம். இன்னும் கொஞ்சம் விட்டால் உருகி ஓட்டை விழும். எனக்கு ஒரே சந்தோஷம். சூளைக்குள் நாங்கள் வைக்கும் கோன் இருக்கிறதே, சூடு எட்டியதும் தலை சாய்க்குமே, அதே வேலையைத்தான் அந்தச் சோப்பு செய்கிறது! பர்ஸில் எப்போதும் வைத்திருக்கும் சாய்ந்த கோன் ஒன்றை எடுத்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. கோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தோல் மூட்டை மேல் தகட்டை வைத்து, மரச் சுத்தியலை என் கையில் கொடுத்தார். மூட்டைக்குள் இருந்தது மணல். நான்கு அடி அடித்தேன்.

1962 முதல் 1964 வரை 36 கார்கள் மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வுக்கு மோதெனாவின் ஸ்கல்யெட்டி பட்டறை இப்படிக் கையால் அடித்துத்தான் உடம்பு கட்டியது. அதனால் இடமும் வலமும் அச்சு அசலாக ஒத்திருக்காது, எங்கள் பெண்கள் எழுதும் கொலு பொம்மைக் கண்களைப் போல. 2018இல் அவற்றில் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

விலையைவிட என்னை அசத்தியது மரநெல்லோவில் 2006 முதல் இயங்கும் கிளாசிகே என்ற பிரிவு. பழைய ஃபெராரிகளைச் சோதித்துச் சான்று தருவதும் சீர் செய்வதும் அதன் வேலை. எஞ்சின் பிளாக் போயே போய்விட்டதா? அன்று போட்ட வரைபடத்தை எடுத்து, புதிதாக வார்த்துக் கொடுக்கிறார்கள். வரைபடம் பத்திரமாக இருப்பதால் கார் சாவதில்லை. எங்கள் தொழிலும் அப்படித்தான். மண் கரைசலான ஸ்லிப்பை ஊற்றி ஊற்றி பிளாஸ்டர் அச்சு தேய்ந்துபோகும், தூக்கிப் போடுவோம்; மாஸ்டர் அச்சு இருந்தால் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தொழிற்பேட்டையில் யூனிட்டை மூடிய எத்தனையோ பேர் மாஸ்டரையும் சேர்த்தே மண்ணில் கொட்டினார்கள். அந்தப் பொம்மைகள் இனி வரவே வராது.

அப்பாவின் காருக்கும் இதே கதிதான் நேர்ந்தது. பல வருஷம் முன்பு ஒரு பட்டறைக்காரர் துருப்பிடித்த முன் ஃபெண்டரை எங்களைக் கேட்காமலே வெட்டி எடைக்குப் போட்டுவிட்டு, ஏதோ ஒரு தகட்டை வளைத்து ஒட்டிப் பட்டி பூசி அனுப்பினார். அந்த வளைவு அதற்குப் பிறகு திரும்பவில்லை. சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தும் சரியான ஃபெண்டர் கிடைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய வாரம் வேறொரு டிங்கர் அண்ணன் வீட்டுக்கே வந்தார். வலப்பக்க ஃபெண்டரும் அடியில் அரித்துப் போயிருந்தது. வெட்டுவதற்குக் கட்டரை எடுத்தார்.

"இருங்கண்ணே," என்றேன். பொம்மைப் பெட்டிக்கு வாங்கி வைத்திருந்த பெரிய அட்டையைக் கொண்டுவந்து வளைவோடு அழுத்திப் பிடித்தேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"பென்சில் எங்கடா?" என்றார்.