இருபதுக்கு ஒன்று

உடம்புக்குள்ளும் இப்போது இரண்டு கட்சிகளைப் பிரித்துவிட்டார்கள். அமிலம் கெட்டது, காரம் நல்லது. கைத்தொலைபேசிக்கு வரும் பத்துச் செய்திகளில் ஒன்றாவது, "உங்கள் குருதி அமிலமாகிவிட்டது, காரநீர் அருந்துங்கள்" என்று எச்சரிக்கிறது. (தமிழக அன்பர்களுக்கு ஒரு விளக்கம்: மிளகாயின் குணத்தை நாங்கள் உறைப்பு என்போம். காரம் எங்களுக்கு இரசாயனப் பாடத்துச் சொல்.)

அச்சுக்கூடத்தில் என்னோடு பணியாற்றிய மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். நீண்டகால நீரிழிவு நோயாளி. நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். "தம்பி, இந்தக் காரத் தண்ணியைக் குடிச்சால் ஊசியை விடலாமாம். உண்மையோ?" என்று கேட்டார். நான் கலைப்பட்டதாரி, மருத்துவன் அல்லன். "வைத்தியரைக் கேளாமல் ஒரு நாளும் விடாதேயுங்கோ அண்ணை" என்று மட்டும் சொல்லிவைத்தேன். ஆனால் செய்தியை உறுதிப்படுத்தாமல் விடும் பழக்கம் எனக்கில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அமில, காரத் தன்மையை அளக்கும் பீ.எச். என்ற அளவுகோலை 1909இல் உருவாக்கியவர் சோரன்சன் என்ற டென்மார்க் இரசாயனவியலாளர். அவர் பணியாற்றிய இடம் கோப்பன்ஹேகனில் கார்ள்ஸ்பேர்க் என்ற பியர் வடிசாலையின் ஆய்வுகூடம்! இந்த அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்காகும். நமது இரைப்பையில் இது 2 அளவில் இருக்கும். குருதியிலோ 7.35 முதல் 7.45 வரை. இந்த ஒடுங்கிய வரம்பை விட்டு வெகுதூரம் விலகினால் இதயமும் மூளையும் தடுமாறத் தொடங்கும்.

இத்தனைக்கும் உடம்பு ஓயாத அமில உற்பத்திச்சாலை. நாம் ஒரு நாளில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு கிலோகிராம். அது நீரில் கரைந்தால் காபோனிக்கமிலம். மூச்சினால் வெளியேற்ற முடியாத பிற அமிலங்களைச் சிறுநீரகங்கள் அகற்றுகின்றன. இவற்றுக்கிடையே குருதியிலுள்ள இருகாபனேற்று தாங்கியாக நின்று அதிர்ச்சிகளை ஏற்றுக்கொள்கிறது. நலமான உடம்பில் இருகாபனேற்று இருபது பங்கு என்றால், கரைந்துள்ள காபனீரொட்சைட்டு ஒரு பங்கு. குருதியின் பீ.எச்.ஐத் தீர்மானிப்பது இந்த இருபதுக்கு ஒன்று என்ற விகிதமே. எது எவ்வளவு கிடக்கிறது என்ற தனிக்கணக்கு அல்ல.

இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது என்பதை அதே கோப்பன்ஹேகன் நகரம் 1952இல் கண்டது. அவ்வாண்டு அங்கே இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. பிளெக்டாம் வைத்தியசாலையில் சுவாசத் தசைகள் செயலிழந்து, சுவாசக் கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். பரிசோதனையில் அவர்களின் குருதியில் மொத்தக் காபனீரொட்சைட்டின் அளவு மிகுந்திருந்தது. இந்த அளவில் பெரும்பகுதி இருகாபனேற்றாகவே இருக்கும் என்பதால், குருதியில் காரம் மிஞ்சிவிட்டது, காரணம்தான் புரியவில்லை என்று மருத்துவர்கள் கருதினர்.

பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து நிபுணர் அதை மறுத்தார். நோயாளிகளால் போதிய அளவு மூச்சுவிட முடியவில்லை. வெளியேறாத காபனீரொட்சைட்டே தேங்கிக் குருதியை அமிலமாக்குகிறது என்றார். ஆகஸ்ட் 27ஆம் திகதி, இறக்கும் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமியின் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், மாதக்கணக்கில் பைகளை அமுக்கினார்கள். மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கமாக இதையே கூறுகிறார்கள்.

பத்திரிகைக்காரனாகிய என்னை இந்த வரலாறு வெகுவாகப் பாதித்தது. பரிசோதனையில் கிடைத்த எண் சரியானது. அதற்குத் தரப்பட்ட பொருளே பிழை. ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அமிலம் காரமாகத் தெரிந்தது.

காரநீர் விளம்பரமும் அப்படிப்பட்டதே. அந்த நீர் முதலில் சென்று சேர்வது இரைப்பையின் ஐதரோகுளோரிக்கமிலத்தில். அதைக் கடந்து மிஞ்சுவதையும் சிறுநீரகம் சிறுநீரோடு கழித்துவிடும். சிறுநீரின் பீ.எச். மாறலாம், குருதியினது மாறாது. தேசிக்காய்ச்சாறு குடித்தாலும் குருதி அமிலமாகாது. "அமிலத்தால்தான் புற்றுநோய் வருகிறது என்று கண்டுபிடித்து வார்பேர்க் நோபல் பரிசு பெற்றார்" என்றொரு செய்தியும் உலாவுகிறது. 1931இல் அவருக்குப் பரிசு கிடைத்தது சுவாச நொதியம் பற்றிய ஆய்வுக்கு.

குருதி உண்மையிலேயே அமிலமாகும் நிலை வேறு. நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் அற்றுப்போனால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதிலிருந்து பிறக்கும் கீற்றோ அமிலங்கள் இருகாபனேற்றைத் தின்று தீர்க்கும். சரிந்த விகிதத்தை நிமிர்த்த நுரையீரல் முயல்வதால் மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் வாங்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் பழவாசம், பின்னர் மயக்கம். இதற்கு மருந்து இன்சுலினும், நாளத்தினூடாக ஏற்றும் திரவமும், பொற்றாசியமும். அவை கிடைப்பது வைத்தியசாலையில். ஊசியை நிறுத்திக் காரநீரை நம்புகிறவர், எந்த அமிலத்துக்கு அஞ்சுகிறாரோ அதையே வருவித்துக்கொள்கிறார்.

நாட்பட்ட சிறுநீரக நோயாளர் சிலருக்கு வைத்தியர்கள் சோடியம் இருகாபனேற்று மாத்திரை கொடுப்பதுண்டு. நம் அடுக்களை அப்பச்சோடாவும் அதே பொருள்தான். ஆனால் அங்கே குருதியைப் பரிசோதித்து, அளவறிந்து கொடுக்கிறார்கள். அளவறியாமல் அள்ளிக் குடித்தால் சோடியம் சேர்ந்து உடல் வீங்கவும் குருதியமுக்கம் ஏறவும் கூடும்.

உங்கள் வீட்டில் இன்சுலின் ஏற்றுபவர் இருந்தால், அடுத்த முறை அந்தக் கைத்தொலைபேசிச் செய்தி வரும்போது அதை வேறெவருக்கும் அனுப்பாதீர்கள். அவர் இன்று ஊசி ஏற்றினாரா என்று மட்டும் கேளுங்கள்.